அழையாத வைத்தியர்

கணினியைத் திருத்தித் தருவதாகக் கூறிப் பணம் பறிக்கும் தொலைபேசி மோசடி

நோயாளி வைத்தியரைத் தேடிச் செல்வது உலக வழக்கு. வைத்தியர் நோயாளியைத் தேடி வந்து, அதுவும் யாதொரு நோயுமில்லாதவர் வீட்டுப் படலையைத் தட்டி, "உமக்குக் கொடிய நோய் கண்டிருக்கிறது, இன்றே மருந்து உண்ணாவிடின் நாளை உயிர் தங்காது" என்று கூறுவாராயின் நாம் என்ன செய்வோம்? அவரை ஐயத்தோடு நோக்குவோம். படலையைச் சாத்திவிட்டு உள்ளே செல்வோம். ஆனால், அதே வைத்தியர் தொலைபேசி வழியாக வந்து, "நோய் உமக்கில்லை, உமது கணினிக்கு" என்று கூறும்போது மாத்திரம், கற்றவர்களும் கலங்கிப் போகின்றனர். அவர் சொன்ன பொத்தான்களை அழுத்துகின்றனர். கேட்ட பணத்தையும் கொடுத்து விடுகின்றனர்.

உலகெங்கும் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வரும் இந்த வஞ்சகத்தைப் பற்றி நான் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறேன். வாசித்தபொழுதெல்லாம், "இதிலும் ஏமாறுவார் உளரோ?" என்று எண்ணியதுண்டு. அந்த எண்ணத்தை மாற்றியவர் எனது சிறிய தந்தையார்.

தபாலதிபர் கண்ட அனுபவம்

அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் தபாலதிபராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர். கையொப்பத்தில் ஓர் எழுத்துக் கோணலாயிருந்தாலும் காசுக்கட்டளைக்குப் பணம் கொடுக்க மாட்டார். ஆளை அழைத்து விசாரித்த பின்பே கொடுப்பார். ஒரு சதம் கணக்குப் பிசகியதாக அவர்மேல் எவரும் குறை கூறியதில்லை. மனைவியார் காலமான பின், கனடாவில் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் வாழும் மகனிடம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒரு மாரிக்காலக் காலைப்பொழுது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டனர், பேரப்பிள்ளைகள் பாடசாலையில். வெளியே உறைபனி. வீட்டிலே தனித்திருந்த கிழவருக்குத் தொலைபேசி மணி ஓசையே ஒரு துணைபோலிருந்தது. எடுத்தார். பேசியவன் மிகுந்த மரியாதையோடு ஆங்கிலத்தில் பேசினான். "ஐயா, நாங்கள் கணினி நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுகிறோம். சில நாட்களாக உங்கள் கணினியிலிருந்து எங்களுக்குப் பிழை அறிவித்தல்கள் வந்து கொண்டிருக்கின்றன. தீய கிருமிகள் அதனுள்ளே புகுந்திருக்கின்றன. நீங்கள் கணினிக்கு அருகிலா இருக்கிறீர்கள்?" என்றான்.

சிறிய தந்தையார் அருகிற் சென்று அமர்ந்தார். அவன் சொன்ன பொத்தான்களை அழுத்தினார். சொன்ன சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டினார். திரையிலே ஒரு பட்டியல் தோன்றியது. அதிலே சிவப்பு அடையாளங்களும் மஞ்சள் அடையாளங்களும் நூற்றுக்கணக்கில் நிறைந்திருந்தன. "எத்தனை இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள், ஐயா" என்றான் அவன். எண்ணி முடிப்பதற்குள் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. அக்கணினியிலேதான் அவருடைய பேத்தி பாடங்களைச் செய்பவள். மகன் வங்கிக் கணக்குப் பார்ப்பவன். தாம் கவனியாது விட்டால் அவர்கள் உழைப்பெல்லாம் அழிந்துவிடுமோ என்று அஞ்சினார். அதன்பின் அவன் கேட்ட 299 டொலரை வங்கி அட்டை மூலம் செலுத்தினார்.

கதை இதனோடு முடியவில்லை. ஆறு வாரங்கள் கழித்து இன்னொருவன் அழைத்தான். "எங்கள் நிறுவனம் மூடப்படுகிறது, நீங்கள் செலுத்திய பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்றான். அவன் சொற்படி கணினியைத் திறந்து, வங்கிக் கணக்கையும் திறந்தார். 300 டொலர் என்று குறிக்க வேண்டிய இடத்தில் 3,000 எனத் தவறாகப் பதிவாகிவிட்டதாகக் கூறி, அவன் தொலைபேசியிலே விம்மி அழுதான். "ஐயா, என் உத்தியோகம் போய்விடும், எனக்குச் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், மேலதிகமாக வந்த 2,700 டொலரை எப்படியாவது திருப்பித் தாருங்கள்" என்றான். கணக்கிலே 3,000 டொலர் புதிதாய்ச் சேர்ந்திருந்ததைச் சிறிய தந்தையார் தம் கண்ணாலே கண்டார். பிறர் பணம் ஒரு சதமும் தம்மிடம் தங்கக்கூடாது என்று வாழ்ந்தவர் அல்லவா? உறைபனியிலே கடை கடையாக ஏறி இறங்கி, அவன் சொன்னபடி பரிசு அட்டைகள் வாங்கினார். ஒரு கடையிலே காசாளர்ப் பெண், "இத்தனை அட்டைகள் எதற்கு, ஐயா?" என்று கேட்டாள். "பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு" என்றார். அப்படிச் சொல்லும்படியும் அவனே கற்பித்திருந்தான். வீட்டுக்கு வந்து அட்டைகளின் இலக்கங்களை ஒவ்வொன்றாய் வாசித்துக் காட்டினார்.

மறுநாள் வங்கிக் கணக்கை ஆறுதலாகப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. அந்த 3,000 டொலரும் எங்கிருந்தும் வந்ததன்று. அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்தே அவருடைய நடைமுறைக் கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தது.

நான்கு மாதங்கள் இதனை அவர் எவருக்கும் சொல்லவில்லை. ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு மாலை விறாந்தையிலே தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் என்னிடம் சொன்னார். "தம்பி, ஆயிரம் பேருக்குக் காசுக்கட்டளை எழுதிக் குடுத்த கை இது. கடைசியிலை ஆரெண்டு தெரியாதவனுக்கு இலக்கம் வாசிச்சுக் காட்டினது. இதை ஆருக்குச் சொல்லுறது?" என்றார்.

கண்ணால் கண்டதன் பொருள்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. இம்மோசடிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. எத்தர்கள் காட்டும் காட்சிகளுட் பல உண்மைக் காட்சிகளே. அவற்றுக்கு அவர்கள் கூறும் பொருளே பொய். ஆகவே, அக்காட்சிகள் சிலவற்றின் மெய்ப்பொருளை அறிந்து கொள்வோம்.

சிறிய தந்தையார் கண்ட சிவப்பு அடையாளப் பட்டியல், விண்டோஸ் கணினி ஒவ்வொன்றிலும் உள்ள நிகழ்ச்சிப் பதிவேடாகும். கணினி தன்னுள்ளே நடைபெறும் சிறியதும் பெரியதுமான செய்திகளை அதிற் குறித்துக் கொண்டே இருக்கும். ஒரு வேலை சற்றுத் தாமதித்துத் தொடங்கினாலும் குறிக்கும். இணையத் தொடர்பு ஒரு கணம் அறுந்தாலும் குறிக்கும். நமது பாடசாலைகளிலே அதிபர் மேசையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் பிந்தி வந்ததும் அதில் ஏறும். மழைக்குக் கூரை ஒழுகியதும் ஏறும். அதனைப் புரட்டிப் பார்த்த அந்நியன் ஒருவன், "இப்பாடசாலை இன்று மாலைக்குள் இடிந்து விழும்" என்று கூறினால் நகைப்போம் அல்லவா? நேற்று வாங்கிய புதுக் கணினியிலும் அச்சிவப்பு அடையாளங்கள் இருக்கும்.

இன்னொரு தந்திரம், இலக்கம் காட்டுவது. "நான் உண்மையான அலுவலன் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? உங்கள் கணினிக்கே உரிய தனி இலக்கத்தை நான் சொல்கிறேன், சரிபார்த்துக் கொள்ளுங்கள்" என்பான். கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கச் செய்து, 'அசொக்' என்னும் கட்டளையைத் தட்டச் செய்வான். நீண்ட பட்டியலின் முடிவில் 888டிசிஏ60 என்று தொடங்கும் ஒரு நெடிய இலக்கம் தோன்றும். அதனை அவன் வரி பிசகாமல் ஒப்புவிப்பான். கேட்பவர் வியந்து போவார். உண்மை யாதெனில், அவ்விலக்கம் விண்டோஸ் கணினிகள் எல்லாவற்றிலும் ஒன்றே. ஒரு வகைக் கோப்பைக் குறிப்பதற்காக அமைந்தது. அரசாங்கப் படிவமொன்றின் மூலையிலே அச்சிட்டிருக்கும் படிவ இலக்கத்தை வாசித்துவிட்டு, "இதோ உமது அடையாள அட்டை இலக்கம்" என்று சொல்வதை ஒத்தது இது.

மூன்றாவது, அந்நியர் புகுந்துவிட்டனர் என்று அச்சுறுத்துவது. 'நெற்ஸ்ராற்' என்னும் கட்டளை, கணினி அவ்வேளையிற் கொண்டிருக்கும் இணையத் தொடர்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும். அதிலே 'ஃபொரின் அட்ரஸ்' என்றொரு தலைப்பு உண்டு. "பாருங்கள், ஐயா! வெளிநாட்டவர்கள் உங்கள் கணினியினுள் இருக்கிறார்கள்" என்பான் எத்தன். அத்தலைப்பின் பொருள் 'மறுமுனையின் முகவரி' என்பதே. நாம் ஒரு செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால், அதன் முகவரியும் அங்கே காணப்படும்.

நான்காவது, திரையை மூடும் எச்சரிக்கை. இணையத்தில் எதனையோ பார்த்துக் கொண்டிருக்கும்போது, திடீரெனத் திரை முழுவதும் சிவப்பாகவோ நீலமாகவோ மாறி, அபாயச் சங்கு ஊதி, "உங்கள் கணினி பூட்டப்பட்டுவிட்டது, உடனே இந்த இலக்கத்தை அழையுங்கள்" என்று அறிவிக்கும். இங்கே எத்தன் நம்மை அழைப்பதில்லை. நாமே அவனை அழைக்கும்படி செய்கிறான். அவ்வறிவித்தல் வெறும் இணையப் பக்கமேயன்றி வேறன்று. 'எஸ்கேப்' பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை நிலை நீங்கும். பின்னர் அப்பக்கத்தை மூடிவிடலாம். எதுவும் இயலாவிடின், மின்பொத்தானை அழுத்திக் கணினியை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது எச்சரிக்கைச் செய்திகளில் ஒருபோதும் தொலைபேசி இலக்கம் இடம்பெறுவதில்லை என்றும், கேளாமலே எவரையும் அழைத்துக் கணினி திருத்துவதில்லை என்றும் பலமுறை அறிவித்திருக்கிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருந்தாலே பாதி அபாயம் நீங்கியதாகும்.

திறவுகோலைக் கொடுப்பவர் நாமே

இவ்வளவும் நாடகத்தின் முன்னுரை. எத்தன் அடைய விரும்பும் இடம் வேறு. "நானே உள்ளே வந்து திருத்தித் தருகிறேன்" என்று சொல்லி, 'எனிடெஸ்க்', 'டீம்வியூவர்' முதலிய மென்பொருள்களுள் ஒன்றை இறக்கச் சொல்வான். இவை இரண்டும் ஜேர்மனியில் உருவான, நேர்மையான கருவிகளே. தூரத்திலுள்ள ஒருவரின் கணினியை மற்றொருவர் தம் இருக்கையிலிருந்தே இயக்க அவை உதவுகின்றன. அலுவலகங்கள் நாள்தோறும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. ஆனால், திரையிற் தோன்றும் ஒன்பது அல்லது பத்து இலக்கங்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டி, அனுமதிப் பொத்தானையும் அழுத்திவிட்டால், வீட்டுச் சாவிக் கொத்தை அவன் கையிற் கொடுத்ததற்குச் சமம். அதன்பின் நம் விரல் அசையாமலே சுட்டி அசையும், கோப்புகள் திறக்கும், கடவுச்சொற்கள் வெளிப்படும்.

சிறிய தந்தையாரை ஏமாற்றிய 'திருப்பித் தரும்' வித்தையும் இவ்வழியே நடந்ததுதான். திரையைச் சற்று நேரம் இருட்டாக்கிவிட்டு ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குப் பணத்தை மாற்றுவார்கள். அன்றேல், வங்கிப் பக்கத்தில் தோன்றும் எழுத்தையும் இலக்கத்தையும் நம் திரையில் மட்டும் மாற்றிக் காட்டுவார்கள். எந்த இணையப் பக்கத்தின் எழுத்தையும், அதனைக் காட்டும் உலாவியிலே தற்காலிகமாக மாற்ற முடியும். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இதனைச் சில நிமிடங்களிற் செய்து காட்டுவான். வங்கியில் உள்ள கணக்கு அதனால் ஒரு சதமேனும் மாறுவதில்லை.

பரிசு அட்டையை ஏன் கேட்கிறார்கள்? அட்டையிலுள்ள இலக்கத்தை வாசித்துக் காட்டிய மறுகணமே அதன் பெறுமதி கைமாறிவிடும். வங்கி மாற்றமாயின் நிறுத்த இடமுண்டு. ஆளைத் தேட வழியுண்டு. பரிசு அட்டை, தெருவில் எறிந்த காசை ஒத்தது. அரசாங்கத் திணைக்களமோ, வங்கியோ, கணினி நிறுவனமோ உலகில் எங்கும் பரிசு அட்டை மூலம் கட்டணம் அறவிடுவதில்லை.

மறுத்தவர்களைத் தண்டித்த காலமும் இருந்தது. முன்னைய விண்டோஸ் கணினிகளில் 'சிஸ்கீ' என்றொரு வசதி இருந்தது. பணம் தர மறுத்தவரின் கணினியை அதனாற் பூட்டிவிட்டு, கடவுச்சொல்லுக்குக் கப்பம் கேட்டனர். இத்தகைய துர்ப்பிரயோகம் காரணமாகவும் 2017 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் அவ்வசதியை விண்டோஸிலிருந்து நீக்கியது.

எங்கிருந்து அழைக்கிறார்கள்?

இம்மோசடி 2008 ஆம் ஆண்டளவில் பரவத் தொடங்கியது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளான அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றிலுள்ள வீடுகளே முதலில் இலக்காயின. 2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இத்தகைய ஆறு கூட்டங்கள்மீது நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அழைப்புகளிற் பெரும்பாலானவை இந்திய நகரங்களிலிருந்து வந்தமை அப்போது வெளியாயிற்று. 2018 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டில்லியை அடுத்த குருகிராம், நொய்டா ஆகிய இடங்களில் 16 போலி அழைப்பு நிலையங்களைப் பொலிஸார் சுற்றிவளைத்தனர். 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இந்திய மத்திய புலனாய்வுப் பணியகம் 'சக்ரா - 2' என்ற பெயரில் 76 இடங்களைச் சோதனையிட்டது. அதற்கு மைக்ரோசொப்டும் அமேசனும் தகவல் கொடுத்து உதவின.

இத்தனைக்குப் பின்னும் மோசடி ஒழியவில்லை. அமெரிக்க எப்.பி.ஐ. நிறுவனத்தின் அறிக்கைப்படி, 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இவ்வகை மோசடியால் மக்கள் இழந்ததாக முறையிட்ட தொகை 92 கோடி டொலருக்கு மேற்பட்டது. அதிற் பாதிக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்களுடையது.

ஆயினும், "கிழவர்கள்தாமே ஏமாறுவர்" என்று இளைஞர் எண்ணிவிடலாகாது. மைக்ரோசொப்ட் 2021 ஆம் ஆண்டில் 16 நாடுகளில் நடத்திய ஆய்வொன்று, இவ்வலையிற் கால் வைத்தவருள் இளவயதினர் கணிசமானோர் எனக் காட்டியது. கணினி தமக்கு நன்கு தெரியும் என்ற துணிவே அவர்களுக்குப் பகையாய் முடிகிறது. முதியவர் பணத்தை அதிகம் இழக்கிறார். இளையவர் எச்சரிக்கையை அதிகம் இழக்கிறார்.

அழைப்பவர்கள் யார் என்பதும் ஆசிரியனாகிய என்னைக் கவலையுறச் செய்யும் வினாவாகும். அவர்கள் ஆங்கிலம் சரளமாகப் பேசக் கற்ற இளைஞர்கள். வேலை தேடித் திரிந்தவர்கள். மேசையில் வைத்த தாளைப் பார்த்துப் பேசுமாறு பயிற்றப்பட்டவர்கள். இந்நிலை நமக்கும் தொலைவில் இல்லை. 2024 ஆம் ஆண்டில் நீர்கொழும்பு, மடிவெல, பத்தரமுல்லை, குண்டசாலை முதலிய இடங்களில் இணைய நிதி மோசடி நடத்திய வெளிநாட்டவர் பெருந்தொகையினரை இலங்கைப் பொலிஸார் கைது செய்தனர். அதே ஆண்டில், தாய்லாந்திற் கணினி வேலை என்று ஆசை காட்டி மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த இலங்கையர் பலர் மீட்கப்பட்டனர். தட்டச்சும் ஆங்கிலமும் தெரிந்த நம் பிள்ளைகளை அழைக்கும் 'நல்ல சம்பளம்' எதற்கான சம்பளம் என்பதை, விமானம் ஏறுமுன் பெற்றோர் விசாரிக்க வேண்டும்.

அறிந்து கொள்ளும் அடையாளங்கள்

வித்தைகள் ஆண்டுதோறும் மாறும். இன்று கணினி, நாளை வங்கி, மறுநாள் பொதி அனுப்பும் நிறுவனம். எனவே ஒவ்வொரு வித்தையையும் மனனஞ்செய்வதைவிட, அவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளங்களை அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, நாம் அழையாமலே உதவி வந்து நிற்கும். இதுவே தலையாய அடையாளம். நமது கணினியிற் கிருமி புகுந்ததைத் தூரத்திலிருக்கும் நிறுவனம் அறிந்து, நமது தொலைபேசி இலக்கத்தையும் தேடிக் கண்டுபிடித்து அழைப்பது நடவாத காரியம்.

இரண்டாவது, அவசரம். "தொலைபேசியை வைத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்" என்பர். உண்மையான பழுது நாளைக்கும் அங்கேயே இருக்கும். பொய்யான பழுதுதான் ஒரு மணி நேரத்தில் வாடிவிடும்.

மூன்றாவது, இரகசியம். "மகனுக்குச் சொல்ல வேண்டாம், வங்கியார் கேட்டால் வேறு காரணம் கூறுங்கள்" என்பர். நம்மைப் பொய் சொல்லத் தூண்டுபவர் நமக்கு மெய் சொல்பவராய் இருத்தல் இயலாது.

நான்காவது, கணினியினுள்ளே நுழைய அனுமதி கேட்பதும், பரிசு அட்டையாகவோ மறை நாணயமாகவோ பணம் கேட்பதும், கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறை இலக்கத்தைக் கேட்பதும். இந்நாட்டிலே வங்கி அலுவலர் போல நடித்து இவ்விலக்கத்தைக் கேட்பவர் பலர். அதனைக் கேட்கும் உரிமை வங்கி மேலாளருக்கும் இல்லை.

தொலைபேசித் திரையிற் தோன்றும் இலக்கத்தையும் பெயரையும் நம்புதல் கூடாது. அவற்றைப் பொய்யாகத் தோன்றச் செய்யும் வழிகள் உள்ளன. தேடுபொறியில் "உதவி இலக்கம்" என்று தேடி, முதலில் வரும் விளம்பரத்தை அழைப்பதும் ஆபத்தானதே. வங்கியின் இலக்கம் வேண்டுமா? அட்டையின் பின்புறத்திலே அச்சிட்டிருக்கிறது. கணினி திருத்த வேண்டுமா? ஊரிலே முகம் தெரிந்த ஒருவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் செய்ய வேண்டியது ஒன்றே: தொலைபேசியை வைத்துவிடுதல். விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, வாதாட வேண்டியதில்லை. மரியாதையாகப் பேசுபவனிடத்து மரியாதையின்றி இணைப்பைத் துண்டிப்பது நமது பெரியவர்களுக்கு மிகக் கடினம். எத்தர்கள் பெரிதும் நம்பியிருப்பது அந்தப் பண்பையே.

ஏமாந்த பின் செய்ய வேண்டுவன

உள்ளே வர இடங்கொடுத்துவிட்டால், முதலில் கணினியின் இணையத் தொடர்பை அறுத்து, அதனை நிறுத்திவிட வேண்டும். வேறொரு தொலைபேசியிலிருந்து, அட்டையின் பின்புறத்து இலக்கத்துக்கு அழைத்து வங்கிக்கு அறிவித்தல் வேண்டும். அட்டையையும் இணையவழிக் கணக்கையும் நிறுத்திவைக்கக் கேட்க வேண்டும். வங்கி, மின்னஞ்சல் முதலியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்தே மாற்ற வேண்டும். பழுது நீக்குபவரிடம் கொடுத்து, இறக்கிய மென்பொருளை நீக்கி, விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொள்வது உத்தமம். பரிசு அட்டை கொடுத்திருந்தால், அட்டையையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாமல், அதனை வெளியிட்ட நிறுவனத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

இலங்கையில் இத்தகைய குற்றங்களுக்கென 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஸ்ரீ லங்கா சேர்ட் எனப்படும் கணினி அவசர உதவி நிலையத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவிலும் முறையிடலாம். கனடாவிலுள்ள உறவினர், அந்நாட்டு மோசடித் தடுப்பு நிலையத்திலும் உள்ளூர்ப் பொலிஸிலும் முறையிடலாம். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று சில வாரங்களில் இன்னொருவர் அழைப்பார். அவரும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. ஒருமுறை ஏமாந்தவர் பெயர் அவர்களது பட்டியலில் ஏறிவிடுகிறது.

வெட்கம் யாருக்கு?

சிறிய தந்தையார் முதல் 299 டொலரை இழந்த அன்று மாலையே மகனிடம் சொல்லியிருப்பாராயின், இரண்டாம் அழைப்பு வந்தபோது வீட்டிலே ஒருவர் எச்சரித்திருப்பார். 2,700 டொலர் மிஞ்சியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மகன் என்ன நினைப்பான் எண்டு பயம், தம்பி. இனி என்னை ஒரு குழந்தை மாதிரி வச்சுப் பாப்பினமே எண்ட வெட்கம்" என்றார். எத்தனது முதற் கருவி பயம். அவனைக் காப்பாற்றும் கருவி நம் வெட்கம்.

எனவே, பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஏமாந்துவிட்டேன் என்று தந்தையோ தாயோ சொல்ல வரும்போது, "இது கூடத் தெரியாதா?" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வராதிருக்கட்டும். அச்சொல்லுக்கு அஞ்சியே அவர்கள் அடுத்த முறை மறைப்பார்கள். பயிற்றப்பட்ட ஒரு கூட்டம், எழுதி வைத்த வசனங்களோடு, நாளெல்லாம் ஒத்திகை பார்த்து, தனியாயிருக்கும் ஒரு முதியவரைத் தாக்குகிறது. தாக்குண்டவர் அவமானப்பட என்ன இருக்கிறது?

மகனிடம் அவர் இறுதியிற் சொல்லிவிட்டார். மகன் கோபிக்கவில்லை, தந்தையோடு அமர்ந்து, தொலைபேசிக்கு அருகே பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினான். "நான் உங்களை அழைக்கவில்லை. வணக்கம்" என்பதே அதில் எழுதியிருந்தது. மீண்டும் அழைப்பு வந்தபோது தபாலதிபர் அதனை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தாராம். இப்போது அங்குள்ள முதியோர் சங்கத்திலும் இக்கதையைத் தம் வாயாலேயே சொல்லி வருகிறார்.

இதனை எழுதட்டுமா என்று கேட்டபோது சிறிது நேரம் யோசித்தார். "பேரைப் போடாதை, நடந்ததைப் போடு. ஒருத்தராவது தப்பட்டும்" என்றார். அவர் விருப்பப்படியே எழுதியிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டிலிருக்கும் அப்பாவோடோ அம்மாவோடோ பேசும்போது, பனியைப் பற்றியும் சுகத்தைப் பற்றியும் விசாரித்த பின், "தெரியாதவர்கள் யாராவது அழைத்தார்களா?" என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் வரச் சற்றுத் தாமதித்தால், பொறுமையோடு காத்திருங்கள்.